டாக்டர் வயலின், டீச்சர் பியானோ

டீச்சர் போன் செய்தபோது நான் தச்சநல்லூரில் ஒரு காதுகுத்து விழாவின் நேரலைக்காகக் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, வயலினும் பியானோவும். ரெண்டே பேருதான். ஆள்கள முன்னால உக்கார வச்சு வாசிக்கணும். அத அப்படியே பதியணும். நடுவுல வெட்டி ஒட்டுத சோலியெல்லாம் கூடாது. ஒன்னால முடியுமா?"

முடியும் என்றேன். அதுவரை ஒரு நிஜப் பியானோவுக்கு மைக் வைத்ததே இல்லை என்பதைச் சொல்லவில்லை.

எனக்குப் பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு ஒலிப்பதிவு அறை இருக்கிறது. கோயில் கொடை விழாப் பாட்டு, ஜெபக்கூட்டப் பாட்டு, தேர்தல் சமயத்தில் ஆட்டோவில் கட்டிப் போடும் அறிவிப்பு என்று எல்லாம் அங்கே பதிந்திருக்கிறேன். இப்போது பெரும்பாலும் கல்யாண நேரலைதான் வேலை. மேற்கத்திய இசை எனக்குத் தெரியாது. டீச்சரைத் தெரியும். பெண்கள் பள்ளி ஒன்றில் சங்கீத ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். என் அறையில் பாட வந்தவர்களில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள்.

வயலின் வாசிப்பவர் ஒரு கண் டாக்டர். அவரும் ஓய்வு பெற்றவர்தான். ஆழ்வார்குறிச்சிப் பக்கம் நிலபுலம் வைத்திருந்த சைவக் குடும்பம். அவர் தலைமுறையில் எல்லாரும் படித்து வெளியே வந்துவிட்டார்கள். சென்னையில் மருத்துவம் படிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரிடம் மேற்கத்திய முறையில் வயலின் கற்றுக்கொண்டாராம். ஊருக்கு வந்து, கூட வாசிக்க ஆள் கிடைக்காமல் பல வருடம் இருந்துவிட்டு, டீச்சரைக் கண்டுபிடித்திருக்கிறார். அன்றிலிருந்து இருபத்தாறு வருடமாக, சனிக்கிழமை நாலு மணிக்கு டீச்சர் பெருமாள்புரத்தில் இருக்கும் டாக்டர் வீட்டுக்குப் போய்விடுவார். முன்னறையில் பியானோ. டாக்டரின் மனைவி காபி கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் இருந்து கேட்டுவிட்டு, உள்ளே போய்விடுவார். ஆறு மணிக்கு டீச்சர் கிளம்பிவிடுவார். அவர்கள் ஒருவரையொருவர் டாக்டர், டீச்சர் என்று மட்டும்தான் கூப்பிடுவார்கள்.

இருபத்தாறு வருடத்தில் அவர்கள் மேடையில் வாசித்தது மூன்று நான்கு தடவைதான் இருக்கும். எதுவும் பதிவாகவில்லை. இந்தத் தடவை பழைய மாணவிகள் சேர்ந்து பள்ளி அரங்கில் ஏற்பாடு செய்திருந்தார்கள். நாள் புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை.

வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு மைக்குகளோடு போனேன். ஓட்டுக்கூரை போட்ட பழைய அரங்கு. உயரத்தில் மரச்சட்டங்கள், நீள ஜன்னல்கள். நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டிப் பார்த்தேன். சத்தம் மேலே போய் மெதுவாக இறங்கி வந்தது. நல்ல இடம். ஆனால் மின்விசிறிகள் எட்டு. எட்டும் எட்டு விதமாகக் கிரீச்சிட்டன. பதிவு நடக்கும்போது விசிறி ஓடக்கூடாது என்று பள்ளித் தலைமையாசிரியையிடம் சொன்னேன்.

"புரட்டாசி வெயில்ல விசிறி இல்லாம நூறு பேர எப்படி சார் உக்கார வைக்க?" என்றார்.

"உக்காருவாங்க," என்றார் டீச்சர். தலைமையாசிரியை அவருடைய பழைய மாணவி. விசிறிகளை நிறுத்த ஒப்புக்கொண்டார்.

அரங்கிலேயே இருந்த பள்ளிப் பியானோவுக்கு நாகர்கோவிலிலிருந்து ஒருவர் வந்து சுருதி சேர்த்துவிட்டுப் போயிருந்தார். இரண்டு மைக்கை மேடைக்கு முன்னால் உயரமாக நிறுத்தினேன். பியானோவின் மூடிக்குப் பக்கத்தில் ஒன்று, வயலினுக்கு ஒன்று. ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசிக்கச் சொன்னேன்.

நிகழ்ச்சியில் மூன்று உருப்படிகள். முதலில் சின்னதாக ஒன்று. நடுவில் நிதானமாகப் போகும் நீண்ட ஒன்று. கடைசியில் வேகமான ஒன்று. யார் எழுதியவை என்று டீச்சர் சொன்னார், எனக்கு மனதில் நிற்கவில்லை. நோட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிக்கொண்டேன்.

இரண்டாவதில் வயலின் ஒரே சுரத்தை நீளமாகப் பிடிக்கும் இடங்கள் உண்டு. அந்த இடங்களில் மட்டும் ஹெட்போனில் ஒரு சின்ன அதிர்வு கேட்டது. நிறுத்தச் சொல்லிவிட்டு கேபிளை மாற்றினேன். மறுபடி கேட்டது. மைக்கையே மாற்றினேன். அப்புறம் மிக்சரில் வேறு துளையில் செருகினேன். மூன்றாவது தடவையும் நிறுத்தச் சொன்னபோது டாக்டர் வில்லைத் தாழ்த்தினார்.

"என்ன வே, ஒம்ம சாமான்ல என்ன கோளாறு?"

"கேபிள்ல எங்கயோ லூஸ் காண்டாக்ட் இருக்கு சார். நீங்க நீளமா இழுக்கும்போது மட்டும் ஒரு உதறல் கேக்கு."

டாக்டர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேபிள் இல்ல வே அது," என்றார் டாக்டர். "கையி."

வில்லை டீச்சரிடம் கொடுத்துவிட்டு வலது கையை எனக்கு முன்னால் நீட்டினார். பார்க்க ஒன்றும் தெரியவில்லை. விரல்களின் மேல் ஒரு தாளை வைத்தார். தாளின் ஓரம் ஆடியது.

"மூணு வருசமா இருக்கு. ஆப்பரேசன விட்டதே இதனாலதான். கண்ணுக்குள்ள கத்தி வைக்க கை இது, ஆடலாமா?" வேறு யாருடைய கையைப் பற்றியோ பேசுவதுபோலத்தான் சொன்னார். "மாத்திரை இருக்கு. போட்டு ஒரு மணி நேரத்துல கை நின்னுரும். அப்புறம் ரெண்டு மணி நேரம் நம்ம சொல்லு கேக்கும். காலைல போட்டது தீந்துபோச்சு. இன்னொண்ணு போடுதேன். டீ குடிச்சிட்டு வருவோம்."

தெருமுனைக் கடையில் மூன்று பேரும் டீ குடித்தோம். டாக்டர் ராதாபுரம் பக்கம் காற்றாலை எத்தனை வந்துவிட்டது என்று என்னிடம் விசாரித்தார். என் சொந்த ஊர் அந்தப் பக்கம் என்று டீச்சர் சொல்லியிருப்பார் போல. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பவும் வாசித்தார்கள். ஹெட்போனில் உதறல் இல்லை. மூன்று உருப்படியும் சுத்தமாக வந்தன. ஒலி அளவு பார்ப்பதற்காகத்தான் பதிந்தேன், ஆனாலும் அழிக்காமல் வைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது டாக்டர் கணக்குச் சொன்னார். "நாளைக்கு நாலு மணிக்கு மாத்திரை. அஞ்சுக்கு ஆரம்பம். ஏழு வரைக்கும் தாங்கும். நமக்கு ஒரு மணி நேரந்தான். தாராளமாப் போதும். யாருட்டயும் சொல்லிக்கிட வேண்டாம் வே, என்ன?"

சரி என்றேன்.

மறுநாள் நாலே முக்காலுக்கே அரங்கு நிறைந்துவிட்டது. பழைய மாணவிகள், அவர்கள் வீட்டுக்காரர்கள், சர்ச்சில் பாடுகிறவர்கள், சில டாக்டர்கள். டாக்டரின் மனைவி மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். விசிறிகளை நிறுத்தியவுடன் எல்லாரும் அழைப்பிதழை எடுத்து விசிற ஆரம்பித்தார்கள். நூறு அட்டைகள் அசையும் சத்தம் மைக்கில் லேசான மழைபோலக் கேட்டது. அதை ஒன்றும் செய்ய முடியாது என்று விட்டுவிட்டேன்.

ஐந்து மணி ஆனது. ஆரம்பிக்கவில்லை. சிறப்பு விருந்தினராக ஓர் உயர் அதிகாரியை அழைத்திருந்தார்கள். அவர் வந்து குத்துவிளக்கு ஏற்றியபிறகுதான் நிகழ்ச்சி. தலைமையாசிரியை வாசலுக்கும் மேடைக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஐந்தேகாலுக்கு, "கிளம்பிட்டாராம்," என்றார். ஐந்தரைக்கு, "வண்ணார்பேட்டை தாண்டிட்டாராம்," என்றார்.

நான் மேடையின் பக்கவாட்டில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் இருந்த சின்ன அறையில் டாக்டர் வயலினோடு நின்றார். கையைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். எட்டிப்பார்த்து, "எப்ப வே?" என்றார்.

"இப்ப வந்துருவாராம் சார்."

"இன்னொரு மாத்திரை போடவும் முடியாது. தலை சுத்திரும்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தலைமையாசிரியைக்கு விஷயம் தெரியாது. சொல்லிவிடலாமா என்று எழுந்தேன். சொல்ல மாட்டேன் என்று நான்தான் ஒப்புக்கொண்டிருந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். ஐந்தே முக்கால் தாண்டியதும் டீச்சர் என் மேசைக்கு வந்தார்.

"பதிவு ஓடுதா தம்பி?"

"ஓடுது டீச்சர்."

அவர் நேராக மேடையில் ஏறிப் பியானோ முன்னால் உட்கார்ந்து, வயலின் சுருதி சேர்க்க வேண்டிய சுரத்தை ஒரு தடவை அழுத்தினார். அரங்கில் பேச்சு அடங்கியது. தலைமையாசிரியை மேடைக்கு ஓடிவந்தார்.

"டீச்சர், சார் இன்னும் வரலையே."

"வந்தா உக்காரட்டும்."

நாற்பது வருட ஆசிரியை வேலையில் அவர் எந்த முறையையும் மீறியதில்லை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அந்த இரண்டு சொல்லும் என் பதிவில் இருக்கின்றன. டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்து கம்பிகளைத் திருத்திக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல வயலினை மோவாய்க்குக் கீழே வைத்தார்.

முதல் உருப்படி நன்றாகப் போனது. இரண்டாவதில் பாதி தாண்டியிருக்கும். வயலின் மிகவும் சன்னமாக ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது, பியானோ கீழே ஒவ்வொரு அடியாக வைத்துக்கொண்டிருந்தது. அப்போது பின்கதவு படாரென்று திறந்தது. "சார் வந்துட்டாரு, வழி விடுங்க," என்று ஒரு குரல். நாற்காலிகள் தேய, முன் வரிசை எழுந்து நின்றது. இரண்டு பேர் பழக்கதோஷத்தில் கை தட்டினார்கள். நான் மேடையைத்தான் பார்த்தேன். டாக்டரும் டீச்சரும் திரும்பவே இல்லை.

அந்த அதிகாரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் நிலைமையைப் பார்த்ததும் கூட வந்தவர்களைக் கையால் அமர்த்திவிட்டு, பின்னால் கிடந்த பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். குத்துவிளக்கு ஏற்ற அழைத்தபோது தவிர, கடைசிவரை அங்கிருந்து எழவில்லை. முன்வரிசையில் அவருக்குப் போட்டிருந்த நாற்காலி காலியாகவே கிடந்தது.

இரண்டாவது முடிந்ததும் குத்துவிளக்கும் சால்வையும் வந்தன. டீச்சர் வேண்டாமென்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அதில் கால் மணி நேரம் போனது. மூன்றாவது உருப்படியைத் தொடங்கும்போது ஏழுக்குச் சில நிமிடங்கள்தான் இருந்தன.

ஆரம்பம் சரியாகத்தான் இருந்தது. பாதியில் ஹெட்போனில் அந்த உதறல் வந்துவிட்டது. அரங்கில் யாருக்கும் கேட்டிருக்காது. இரண்டு இடத்தில் வில் கம்பியில் இரட்டையாகத் தட்டியது. ஓர் இடத்தில் ஒரு சுரம் விழுந்தே போனது. டாக்டரின் முகத்தில் வியர்வை வடிந்தது. ஆனால் அங்கே எல்லாருக்குமே வியர்வை வடிந்துகொண்டிருந்தது. முடிந்தது. எழுந்து நின்று கை தட்டினார்கள். டாக்டர் இடது கையால் வயலினைப் பிடித்துக்கொண்டு வலது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வணங்கினார்.

மறுநாள் டீச்சர் போனில் சொன்னார். "கதவுச் சத்தம், கைதட்டு எல்லாம் இருந்துட்டுப் போவட்டும் தம்பி. எதையும் எடுத்திராத. நேரடிப் பதிவுன்னு பேரு போட்டுட்டு உள்ள வேற வேலை பாக்கக் கூடாது."

மூன்று நாள் கழித்து, காலையில், டாக்டர் தனியாக என் அறைக்கு வந்தார். எதிரில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

"ஒத்திகையில பதிஞ்சத வச்சிருக்கீரா?"

"இருக்கு சார்."

"அப்பச் சரி. ரெண்டாவதுல அந்தக் கதவு, மூணாவதுல பாதிக்கு மேல. ரெண்டையும் வெட்டிட்டு ஒத்திகையில உள்ளத வச்சுத் தச்சிரும். தையல் தெரியாமத் தைக்க முடியும்லா?"

"டீச்சர் எதையும் தொடக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க சார்."

"டீச்சர்ட்ட நான் பேசிக்கிடுதேன். முடியுமான்னு மட்டும் பாரும். எம் மகளுக்கு அனுப்பணும். அவளுக்கு எங் கையி இப்படிக் கேக்க வேண்டாம்."

அதற்குமேல் நான் மறுக்கவில்லை. செய்துபார்த்துவிட்டு வியாழக்கிழமை சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

கதவு வந்த இடத்தை ஒட்டிவிட முடிந்தது. கூர்ந்து கேட்டால்தான் தெரியும். மூன்றாவதுதான் ஒத்துவரவில்லை. ஒத்திகையிலிருந்து ஒரு துண்டை எடுத்து வைத்தால் முன்னும் பின்னும் உள்ள ஓட்டத்தோடு சேராமல் துருத்திக்கொண்டு நின்றது. சுருதி வேறாக இருக்கிறதோ என்று பார்த்தேன். இல்லை. கடைசியில் மொத்த நேரத்தைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை ஆறு நிமிடம் நாற்பது வினாடி. சனிக்கிழமை ஏழு நிமிடம் இருபது வினாடி. இரண்டையும் திரையில் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்து, வாசிப்பு எங்கே எங்கே விலகுகிறது என்று குறித்துக்கொண்டே வந்தேன். ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது.

வியாழக்கிழமை டாக்டர் வந்தார். முடியவில்லை என்றேன். ஏன் என்று கேட்டார். திரையைக் காட்டினேன்.

"மேல உள்ளது ஒத்திகை, கீழ கச்சேரி. இந்த இடம் வரைக்கும் ரெண்டும் ஒண்ணாத்தான் போவுது. இங்கேருந்து கச்சேரி மெதுவாயிருது."

"நான் மெதுவா வாசிச்சிருக்கேன்."

"நீங்க இல்ல சார்." அதைச் சொல்ல வேண்டாமென்றுதான் இருந்தேன். ஆனால் அவர் திரையில் தன் கண்ணாலேயே தேட ஆரம்பித்துவிட்டார். "வயலின் சும்மா இருக்க இடம் இதெல்லாம். பியானோ மட்டும் வாசிக்க இடம். அங்கதான் நேரம் கூடியிருக்கு. ஒவ்வொரு தடவையும் கொஞ்சங் கொஞ்சமா நீட்டியிருக்காங்க. நீங்க திரும்ப எடுக்கும்போது, அந்த வேகத்துலயே எடுத்திருக்கீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "போடும், கேப்போம்."

ஒத்திகையைப் போட்டேன். பிறகு கச்சேரியைப் போட்டேன். பியானோ தனியாக வரும் ஒரு இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். மறுபடி அதையே கேட்டார். அந்த இடத்தில் அவர் வலது கையைத் தொங்கவிட்டு உதறிக்கொண்டது எனக்கு நினைவிருந்தது. அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும்.

"எனக்கு ஓய்வு குடுத்திருக்காங்க," என்றார்.

நான் ஒலிபெருக்கியை அணைத்தேன்.

"மேடையில நிக்கயில எனக்கு ஒண்ணும் தெரியல வே. பரவால்ல, சமாளிச்சிட்டோம்னு நெனச்சேன்." திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எத்தன நாளா இப்படிச் செய்யுதாங்கன்னு ஒமக்குத் தெரியுமா?"

"எங்கிட்ட இந்த ரெண்டுதான் சார் இருக்கு."

"ஆமா, ஒம்மட்ட எப்படி இருக்கும்." எழுந்து, நாற்காலியைத் தள்ளி வைத்தார். "வெட்ட வேண்டாம். கதவு, கைதட்டு, எல்லாம் கெடக்கட்டும். டீச்சர் சொன்ன மாதிரியே குடுத்திரும். நான் வந்து கேட்டதச் சொல்ல வேண்டாம்."

அப்படியே கொடுத்தேன். பழைய மாணவிகள் அதை இணையத்தில் ஏற்றினார்கள். கீழே வந்த கருத்துகளில் அதிகம் பேசப்பட்டது கதவைப் பற்றித்தான். டாக்டரின் மகள் எனக்குப் போன் செய்து, அப்பா வாசிப்பது நன்றாகக் கேட்கிறது என்று நன்றி சொன்னார்.

தை மாதம் டீச்சர் ஒரு பாட்டுக்கு வாசிக்க என் அறைக்கு வந்தார். வேலை முடிந்து போகும்போது, "தம்பி, அந்தக் கச்சேரியில நான் ஒரு இடத்துல இழுத்துட்டேன். டாக்டர் ஏதும் சொன்னாரா?" என்றார்.

"ஒண்ணும் சொல்லல டீச்சர்."

"கவனிச்சிருக்க மாட்டாரு." அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "போன மாசம் திடீர்னு, 'டீச்சர், வேகமான உருப்படியெல்லாம் எனக்குச் சலிச்சுப்போச்சு, மெதுவா உள்ளதா எடுங்க'ன்னுட்டாரு. எத்தன வருசம் வேகமா உள்ளதத்தான் கேப்பாரு! இப்ப என்னன்னா அவரே வேண்டாங்காரு."

"நல்லதுதான டீச்சர்."

"எனக்கும் நல்லதுதான். வயசாவுதுல்லா." படியிறங்கிப் போய்விட்டார்.

சித்திரையில் டாக்டர் வீட்டுக் கணினியில் ஏதோ கோளாறென்று கூப்பிட்டார்கள். போனது ஒரு சனிக்கிழமை. உள்ளறையில் நான் கணினியைப் பார்த்துக்கொண்டிருக்கையில் முன்னறையில் வாசிப்பு நடந்தது. நான் கேட்டிராத உருப்படி. மிகவும் நிதானமாகப் போனது. ஓர் இடத்தில் நின்றார்கள்.

"டீச்சர், நீங்க உங்க வேகத்துலயே போங்க. நான் வந்து சேந்துக்கிடுதேன்," என்றார் டாக்டர்.

"நான் என் வேகத்துலதான் போறேன் டாக்டர்."

பிறகு மறுபடி தொடங்கினார்கள். டாக்டரின் மனைவி எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தார். கணினியில் பெரிய கோளாறு ஒன்றுமில்லை. இடம் நிறைந்திருந்தது, பழைய படங்களை வேறிடத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டு, வாசிப்பு முடியும்வரை இருந்துவிட்டுக் கிளம்பினேன்.